இடப்பக்கம் இழுக்கிறது

முதலில் அது ஒரு முனகல்தான்.
செம்பவாங்கில், எங்கள் புளோக்கின்
பலமாடி கார் நிறுத்துமிடத்தில்
நாலாம் தளத்திலிருந்து மூன்றுக்கு வளைகையில்
ஸ்டியரிங்குக்கு அடியில் யாரோ
தூக்கம் கலையாமல் புரண்டு படுப்பதுபோல்.
வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்றார் தவசீலன்.
மனிதர்களைப் பற்றியும் அவர் அப்படித்தான் சொல்வார்.

ஏழு பேர் உட்காரும் வண்டி.
உரிமைச் சான்றிதழ் முடிய இன்னும் பதினாறு மாதம்.
"பதினாறு மாசத்துக்கு எதுக்குச் செலவு?"
இந்த ஒரு கேள்வியில்
ஏசி, திறக்க மறுக்கும் பின்கதவு,
என் இடது தோள்வலி
எல்லாம் அடங்கிவிடும்.

பிறகு தீவு விரைவுச்சாலையில்
எண்பதைத் தாண்டினால் உள்ளங்கையில் ஒரு தேனீ.
தொண்ணூறில் முழுக் கூடு.
பின்னிருக்கையில் கைப்பேசியிலிருந்து நிமிராமல்
"மசாஜ் நாற்காலிக்குக் காசு வசூலிக்கலாம்மா"
என்றான் நவிலன்.
சிரித்தேன்.
சிரித்ததில் பிடி தளர்ந்தது.
வண்டி, கோழிக்கூண்டு ஏற்றிய லாரிப் பக்கம்
மெதுவாக, உரிமையோடு, சாய்ந்தது.

அப்போதுதான் தெரிந்தது:
நேராகப் போவதற்காக
இத்தனை நாளும் நான்
வலப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காக்கி புக்கிட், இரண்டாம் மாடிப் பட்டறை.
குவெக் வண்டியைத் தூக்கி நிறுத்தி
இடது முன் டயரை விரலால் தடவினார்.
உள்விளிம்பு மொட்டை.
வெளிவிளிம்பில் மட்டும்
கடையில் வாங்கிய நாளின் கோடுகள்.
"பவர் ஸ்டியரிங் ஆயில் குறைஞ்சிருக்கு, அது சின்ன விஷயம்.
டை ராட் வளைஞ்சிருக்கு. அது தானா வளையாது.
எங்கே ஏத்துனீங்க?"

ரிம்மில் ஒரு வடு.
கோப்பி வந்தது. குடிக்காமல்
இரண்டு குற்றப்பத்திரிகைகள் தயாரித்தேன்.
ஒன்று தவசீலனுக்கு: ஜொகூரில் பெட்ரோல் நிலையம்,
பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தானென்று பதறித் திருப்பியது.
மற்றது நவிலனுக்கு: ஜூனில் லைசென்ஸ்,
ஜூலையில் நள்ளிரவு ரொட்டி பிராட்டா.
இரண்டும் கச்சிதமாக வந்திருந்தன.

குவெக் துணியால் ரிம்மைத் துடைத்தார்.
வடுவுக்குள் மஞ்சள் பெயின்ட்.

மஞ்சள்.
மார்ச், வியாழக்கிழமை, பத்து நாற்பது.
மடிக்கணினியைக் கொடுத்தாயிற்று, பாஸைக் கொடுத்தாயிற்று.
பக்கத்து இருக்கையில் அட்டைப்பெட்டி,
அதற்கும் சீட் பெல்ட் போட்டிருந்தேன்.
வாசல் திருப்பத்தில் ஒரு சத்தம்.
எனக்குள்தான் கேட்டதென்று நினைத்து
இறங்கிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் பதினொரு நாள்
அதே நேரத்துக்குச் சேலை கட்டிக் கிளம்பி
ஈஸ்ட் கோஸ்டில் கடலைப் பார்த்து நிறுத்தி
ஆறு மணிக்குக் களைப்போடு வீடு திரும்பினேன்.
பன்னிரண்டாம் நாள் வேறொரு வேலை, குறைந்த சம்பளம்.
கம்பெனி கை மாறியிருக்கிறது என்று மட்டும் வீட்டில் சொன்னேன்.
யாரும் மேலே கேட்கவில்லை.
நானும் நேராகவே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"தெரியலையே" என்றேன் குவெக்கிடம்.
அவர் தலையாட்டினார்.
நானூற்று இருபது வெள்ளி.
"பில்லுல என்ன போட?"
"தேய்மானம்னு போடுங்க."

திரும்பும் வழியில் வண்டி நேராகப் போனது.
நான்தான் வலப்பக்கம் போனேன்.
மணிக்கட்டுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை.
ஒரு டாக்சி நீளமாக ஹாரன் அடித்தது. நியாயம்தான்.
ஒவ்வொரு விரலாகத் தளர்த்தினேன்,
தூங்கிய குழந்தையின் பிடியிலிருந்து
சட்டையை விடுவிப்பதுபோல்.

நாலாம் தளம். முனகல் இல்லை.
லிஃப்ட் பக்கத்தில் தவசீலன்,
கையில் வெங்காயப் பை.
"சரியாயிடுச்சா? என்னவாம்?"

பில்லை நீட்டப்போன கையை
மடக்கிக்கொண்டேன்.
"ஏறுங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்.
கையை எடுத்தா எந்தப் பக்கம் போகுதுன்னு
நீங்களும் பாக்கணும்."

வெங்காயத்தை மடியில் வைத்துக்கொண்டு
ஏறி உட்கார்ந்தார்.